தகரச் சந்து மண்டகப்படி

ஸ்டேஷனுக்குத்தானே வழி கேட்டீர்கள்? சொல்கிறேன் சார். முதலில் சைக்கிளை அந்தத் தகரத்தில் சாய்த்து வையுங்கள். விழாது. தகரம் பார்க்கத்தான் ஆடும், பின்னால் கம்பி கட்டியிருக்கிறார்கள். பார்சல் எடுக்கத்தானே போகிறீர்கள்? பார்சல் ஆபீஸ் எங்கேயும் ஓடிவிடாது. உட்காருங்கள். அந்த ஸ்டூல் செருப்புப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு. இப்போதெல்லாம் சும்மாதான் கிடக்கிறது.

வடக்கே ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். மாற்றுப் பாதை என்று எழுதி, ஒரு காரும் ஒரு சைக்கிளும் வரைந்து, ஆளுக்கொரு அம்பு போட்டிருப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அம்பு நன்றாகத் தெரியும். கார் அம்பு வாய்க்கால் தெருவைக் காட்டுகிறது. சைக்கிள் அம்பு என்னைக் காட்டுகிறது.

இந்தத் தகரச் சந்து முடிகிற தெற்கு முக்கில் ஒருத்தன் நிற்பான். பச்சைத் துண்டு. கழுத்தில் விசில். வருகிற வண்டியை எல்லாம் கையைக் காட்டிப் பிரித்து விடுவான். நீங்கள் போலீஸ் என்று நினைத்துப் பயந்து இறங்கிவிடக் கூடாது. அவன் போலீசும் இல்லை, கார்ப்பரேஷன் ஆளும் இல்லை. என் சகலை. என் வீட்டுக்காரியின் தங்கச்சி புருஷன். பேர் பூமிநாதன். அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் அந்த முக்கைத் தாண்டக் கூடாது.

அவன் அங்கே என்ன செய்கிறான் தெரியுமா? தெற்கே இருந்து வருகிற கார், பஸ், லாரி எல்லாவற்றையும் தன் வாய்க்கால் தெருவுக்குள் விட்டுக்கொள்கிறான். சைக்கிளில் வருகிறவன், நடந்து வருகிறவன், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள், இவர்களை எல்லாம் "இப்படிப் போங்க, இப்படிப் போங்க, செருப்புக் கடை வழியாப் போங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுகிறான். கார் அவனுக்கு, சைக்கிள் எனக்கு. பங்கு பிரிக்கிற லட்சணத்தைப் பாருங்கள். நேற்றுக்கூட ஒரு நாலைந்து பேர் வந்து ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். நடந்து வருகிறவர்கள்தானே, செருப்பு தேயத்தான் செய்யும். அதில் அவன் பெருமை என்ன இருக்கிறது?

ஆதியிலிருந்தே இப்படித்தான் சார். எங்கள் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பஞ்சவர்ணம் எனக்கு. இளையவள் திலகம் அவனுக்கு. நான் மூத்த மருமகன். அது மாறுமா? மாறாது. ஆனால் அவன் அப்போது பஸ் கண்டக்டர். கழுத்தில் பையும் வாயில் விசிலுமாக ஒரு ஆள் வீட்டுக்குள் வந்தால் மாமனார் எழுந்து நிற்பார். நான் செருப்புக் கடை. நான் வந்தால் படுத்த வாக்கிலேயே "வாங்க" என்பார்.

ஒரு தீபாவளி. மத்தியானம் இலை போட்டார்கள். முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்குத்தானே? நான் கை கழுவிவிட்டு வருகிறேன், அவன் உட்கார்ந்திருக்கிறான். "சின்ன மாப்பிள்ளைக்கு டூட்டிக்கு நேரமாச்சு, சாப்பிடட்டும்" என்கிறார் மாமனார். கடைக்காரனுக்கு நேரம் கிடையாது பாருங்கள். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். நெஞ்செலும்பு அவன் இலைக்குப் போனது. எனக்கு ஈரல் வந்தது. எனக்கு ஈரல் ஆகாது என்று அந்த வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். அவன் என்ன செய்தான்? சாப்பாட்டில் கை வைக்கும் முன்னால், தன் இலையிலிருந்த நெஞ்செலும்பை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, "எனக்கு ஈரல்னா உசுருண்ணே" என்று சொல்லி என் ஈரலை எடுத்துக்கொண்டான். எல்லார் முன்னாலும். மாமியார் "தங்கமான புள்ள" என்றாள். யாரை? அவனை. இலையைப் பறிகொடுத்தவன் நான். தங்கமான பிள்ளை அவன்.

அன்றைக்குப் பிடித்தது சார். இன்னும் விடவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் அவனுக்கு மேலே இருந்தேன். என் கடை மெயின் ரோட்டில். அவன் வீடு வாய்க்கால் தெருவில். அப்போதெல்லாம் வாய்க்கால் தெருவென்றால் யாருக்கும் தெரியாது. அவன் வாசலில் ஆடு படுத்திருக்கும். ஆடு எழுந்தால் கோழி நிற்கும். என் கடை வாசலிலோ பஸ் நிறுத்தம். இறங்குகிறவன் முதல் அடி வைப்பதே என் கடைப் படியில். அதனால் அவனை மன்னித்து வைத்திருந்தேன். பாவம், இருக்கட்டும், ரோடு நம்மிடம் இருக்கிறது என்று.

அப்புறம்தான் பாலம் வந்தது. பாலம் எங்கே வந்தது, பள்ளம்தான் வந்தது. ஒரு நாள் காலையில் கடை திறக்க வருகிறேன், ரோட்டைக் காணோம். தகரத்தை வரிசையாக நட்டு அடைத்துவிட்டார்கள். தகரத்துக்கும் கடைகளுக்கும் நடுவில் இரண்டு சைக்கிள் உரசிக்கொண்டு போகிற அளவு இடம். மெயின் ரோட்டுக்காரனாகப் படுத்தவன் சந்துக்காரனாக எழுந்தேன்.

பஸ் எல்லாம் வாய்க்கால் தெருவுக்குப் போனது. அவன் வாசலுக்கு. ஆடு படுத்திருந்த இடத்தில் வெளியூர் பஸ் நிற்கிறது சார். ஓய்வு பெற்று வீட்டில் கிடந்தவன் பழைய விசிலை மாட்டிக்கொண்டு முக்கில் வண்டி பிரிக்க வந்துவிட்டான். கலெக்டர் கார் அவன் வாசல் வழியாகப் போகிறது. கல்யாணக் கார் பூ அலங்காரத்தோடு போகிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற சனம் எல்லாம் சன்னல் வழியாக அவன் வீட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறது. எனக்கு? தகரம். காலையில் தகரம், மத்தியானம் சூடான தகரம், சாயங்காலம் தகரத்தில் எவனோ ஒட்டிவிட்டுப் போன கண்ணீர் அஞ்சலி.

திலகம் தினமும் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். "அக்கா, ஹாரன் சத்தத்துல கண்ண மூட முடியலக்கா. தூசி நெஞ்சுல இறங்கி இழுப்பு வந்துருச்சு" என்பாள். கேட்டுக்கொண்டே இருப்பேன். பெருமையைப் பாருங்கள். என் வீட்டில் வந்து படுத்துக்கொண்டு தன் வீட்டு ஹாரனைப் பற்றிப் பேசுகிறாள்.

ஒரு நாள் லாரி திரும்பும்போது அவன் வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளிவிட்டது. உடனே பேப்பர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். இடிந்த சுவருக்குப் பக்கத்தில் அவனை நிற்க வைத்துப் படம் எடுத்து, மறுநாள் போட்டிருக்கிறார்கள். என் கடை முன்னால் ரோட்டையே பெயர்த்துப் போட்டார்கள் சார். ஒரு பயல் வந்து படம் எடுத்தானா?

பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "திலகம் வீட்டுக்காரரு செவுரு போயி செங்கல எண்ணிக்கிட்டு நிக்கிறாரு. அதுக்குமா நீங்க பொறாமப்படுவீங்க?"

பொறாமையாம். உள்ளதைச் சொன்னால் பொறாமை.

இருங்கள், இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

மண்டகப்படி தெரியுமா உங்களுக்கு? சாமி ஊர்வலம் வரும்போது இன்னின்னார் வாசலில் நிற்கும் என்று ஓர் உரிமை. நின்றால் அந்த வாசல்காரன் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வந்த சனத்துக்குப் பானகமும் சுண்டலும் கொடுக்க வேண்டும். எங்கள் தெரு மாரியம்மனுக்குப் பங்குனியில் திருவிழா. சாயங்காலம் சப்பரத்தில் வருவாள். முதல் மண்டகப்படி என் கடை வாசலில்.

சும்மா கிடைக்கவில்லை. "செருப்புத் தொங்குற எடத்துலயா அம்மன நிறுத்துவீங்க" என்று அந்தக் காலத்தில் கமிட்டியில் பாதிப் பேர் குதித்தார்கள். அன்றைக்கு ஒருத்தன் எழுந்து கேட்டான்: "அம்மன் பின்னாடி வர்ற சனம் காலுக்கு யாருய்யா செருப்புக் குடுக்குறா? அவரு வாசல்ல நிக்காம வேற யாரு வாசல்ல நிக்கும்?" கூட்டம் அடங்கிவிட்டது. கேட்டது யார் என்கிறீர்களா? வேறு யார், அவன்தான். அதிலும் முந்திக்கொண்டான். நானே சொல்வதற்காக வைத்திருந்த பேச்சு சார் அது. தொண்டை வரை வந்துவிட்டது.

சரி, அது போகட்டும். வருஷா வருஷம் அன்றைக்கு ஒரு நாள் செருப்பை எல்லாம் இறக்கி உள்ளே வைத்து, கடையைக் கழுவி, வெள்ளை வேட்டியால் முகப்பை மூடி, மாவிலை கட்டிவிடுவேன். அம்மன் வந்து நிற்பாள். அன்றைக்கு என்னை "ஏய் செருப்புக் கடை" என்று கூப்பிடுகிறவன் கிடையாது. மண்டகப்படிக்காரர் என்பார்கள். மரியாதையாக.

ஆனால் ஒன்று. ஒரு வருஷம் விட்டால் உரிமை போச்சு. அப்படி ஒரு வழக்கம் இங்கே. மரக்கடை ராமையா, வீட்டில் தீட்டு என்று ஒரு வருஷம் நிறுத்தினார். மறுவருஷம் அந்த இடத்தில் செல்போன் கடைக்காரன் மாலையோடு நிற்கிறான். கேட்டால், "அம்மன் அவரு வாசல மறந்துட்டா" என்கிறார்கள். அம்மன் மறப்பாளா? இவர்கள் மறப்பார்கள்.

இந்த வருஷம் கமிட்டி கூடியது. போக்குவரத்து எஸ்.ஐ.யும் வந்திருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரே பிடி. சப்பரம் டிராக்டரில் வருகிறது. டிராக்டர் வாகனம். வாகனம் என்றால் வாகனப் பாதையில்தான் போக வேண்டும்.

கமிட்டித் தலைவர் தங்கராசு, "சார், அது சாமி சார்" என்றார்.

"சாமியா இருந்தா என்னங்க, தகரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். இந்தப் பக்கம் டிராக்டர் நுழையாது. சாமி நடந்து வந்தா சைக்கிள் பாதையில விடுறேன். டிராக்டர்ல வந்தா வாய்க்கால் தெருதான்" என்றார் எஸ்.ஐ.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பூமிநாதனும் சிரிக்கவில்லை. எஸ்.ஐ.யின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கினால் முகம் அப்படித்தான் இறுகும். எனக்குத் தெரியாதா?

தங்கராசு சொன்னார்: "அப்ப ஒண்ணு பண்ணலாம். வாய்க்கால் தெருவுல நம்ம கண்டக்டர் வீட்டு முன்னாடி செவுரு இடிஞ்சு நல்லா அகலமாத்தான் கெடக்கு. மொத மண்டகப்படிய இந்த வருஷம் அங்கன வச்சுக்கிருவோம்."

எழுந்தேன் சார். அவனைப் பார்த்துச் சொன்னேன்: "ரோட்ட வாங்குன. பஸ்ஸ வாங்குன. இப்ப அம்மனையும் வாங்கிட்ட. நல்லா இருப்பா."

"அண்ணே, நான் என்னண்ணே செஞ்சேன்" என்றான்.

"ஒண்ணுமே செய்யலப்பா. நீ எப்பவும் ஒண்ணுமே செய்யுறதில்ல. எல்லாம் தானா உன் வாசலுக்கு வரும்."

துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

நிறுத்தினேனே தவிர, அவன் விடவில்லை. காப்புக் கட்டி முடிந்த மறுநாள் காலையில், மஞ்சள் வேட்டியோடு ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு இந்தச் சந்துக்குள் வந்தான். தகரத்திலிருந்து என் கடைப் படி வரை கயிற்றைப் பிடித்து அளந்தான். ஒரு முடிச்சுப் போட்டான். அப்புறம் அந்த வளைவில் போய் அளந்தான். இன்னொரு முடிச்சு. பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே?

"என்ன, கடையையும் அளக்குறியா? அதான் ஒண்ணு பாக்கி இருக்கு."

"இல்லண்ணே, சும்மா" என்றான். சும்மாவாம். சும்மா எவனாவது சந்தை அளப்பானா? நொந்து கிடக்கிறவன் வாசல் எவ்வளவு குறுகிப்போயிற்று என்று அளந்து பார்க்கிறான்.

அதோடு போகவில்லை. பால்காரர் ஒரு சேதி சொன்னார். விடிகாலையில் பூமிநாதனும், அவனோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆட்களுமாக எட்டுப் பேர், ஒரு கட்டிலில் மணல் மூட்டையை ஏற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தெருவில் மேலும் கீழும் நடக்கிறார்களாம். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். பூமிநாதன் விசில் அடிக்கிறானாம். ஒரு விசிலுக்கு நிற்கிறார்களாம், இரண்டு விசிலுக்கு நடக்கிறார்களாம். "கண்டக்டருக்குப் புத்தி பெசகிருச்சு போல" என்றார் பால்காரர். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. அம்மன் வாசலுக்கு வருகிறாள் என்று ஆர்ப்பாட்டம் பண்ண ஒத்திகை பார்க்கிறான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்றைக்கு நான் செருப்பை இறக்கவில்லை. யாருக்காக இறக்க வேண்டும்? பஞ்சவர்ணம் வந்தாள். அவளே ஒவ்வொரு கொத்தாக இறக்கி உள்ளே வைத்தாள். படியைக் கழுவினாள். வேட்டியைக் கட்டினாள். மாவிலை கட்டினாள். ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வேப்பிலை போட்டுப் படியில் வைத்தாள்.

"யாருக்குடி இதெல்லாம்?"

"வர்றவகளுக்கு."

"யாரு வர்றா? உன் தங்கச்சி வீட்டுக்குப் போயி ஊத்து."

அவள் குடத்தில் இன்னொரு கொத்து வேப்பிலையைப் போட்டாள். நான் கடைக்குள் போய்ச் சந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

மேளம் கேட்டது. வாய்க்கால் தெருப் பக்கம்தான். காது நம் பேச்சைக் கேட்பதில்லை சார், அது பாட்டுக்கு மேளத்தின் பின்னாலேயே போகிறது. இப்போது முக்குக்கு வந்துவிட்டது. இப்போது அவன் வீட்டை நெருங்கும். மேளம் நின்றது. நின்றுவிட்டது. தேங்காய் உடைக்கிறான். மாலை போடுகிறான். என் அம்மனுக்கு அவன் மாலை போடுகிறான். வயிறு எரிந்தது சார், மறைப்பானேன். வெந்து கருகியது.

அப்போது விசில் கேட்டது. தகரத்துக்குள் கேட்டது. இரண்டு விசில்.

திரும்பிப் பார்த்தேன். அந்த வளைவில், தகரத்துக்கு மேலே, அம்மன் கிரீடம் தெரிந்தது. அப்புறம் முகம். பல்லக்கில் வருகிறாள். டிராக்டர் இல்லை. முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர், பக்கத்தில் ஆள் நிற்க இடம் இல்லை. தகரத்துக்கு ஒரு விரல்கடை இடம் விட்டு, உரசாமல் வருகிறாள். மேளக்காரர்கள் முன்னால் ஒற்றை வரிசையில் வருகிறார்கள். எஸ்.ஐ. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வருகிறார். "நடந்து வந்தா விடுறேன்னு சொன்னேன், நெசமாவே நடந்து வந்துட்டாங்க" என்று தங்கராசுவிடம் சொல்லிச் சிரிக்கிறார். முன் தண்டில் வலது பக்கம் யார்? பச்சைத் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தோளில் வைத்து, வாயில் விசிலோடு அவன்.

ஒரு விசில் அடித்தான். என் கடை வாசலில் அம்மன் நின்றாள்.

சனம் குலவை போட்டது. யாரோ "மண்டகப்படிக்காரர் எங்கய்யா" என்று கேட்டார்கள். பஞ்சவர்ணம்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

இப்போது கேளுங்கள். என் வழக்கே இங்கேதான் இருக்கிறது. அம்மன் டிராக்டரில் வந்தால் தேங்காயோடு போயிற்று. தோளில் வந்தால், தூக்கி வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அம்மனைச் சுமக்கிற கால் அம்மன் கால் என்பார்கள். அதை மண்டகப்படிக்காரன்தான் செய்ய வேண்டும். குடத்தை என் கையில் கொடுத்தாள் பஞ்சவர்ணம். பின்னால் நாலு பேருக்கு ஊற்றினேன். முன்னால் மூன்று பேருக்கு ஊற்றினேன். மிச்சம் ஒருத்தன்.

மூத்த மருமகன் நான். முதல் இலைக்காரன். என் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, எஸ்.ஐ. பார்க்க, என்னை இளையவன் காலடியில் குனிய வைத்துவிட்டான் சார். எத்தனை நாள் திட்டம் இது? கயிறு, கட்டில், மணல் மூட்டை, எல்லாம் இதற்குத்தான்.

குனிந்தேன். ஊற்றினேன். இடது காலில் மஞ்சளாக ஓடியது. வலது காலில் சிவப்பாக ஓடியது.

கால் அடியில் ரத்தம். வளைவில் சென்ட்ரிங் பலகை ஒன்று கிடக்கிறது பாருங்கள், அதிலிருந்த ஆணி. காப்புக் கட்டினவன் செருப்புப் போடக் கூடாது. ஆணி ஏறியும் பல்லக்கைச் சாய்க்காமல் அங்கிருந்து நடந்து வந்திருக்கிறான். நான் நிமிர்ந்து பார்த்தேன். குடம் அப்படியே கையில் நிற்கிறது.

"ஊத்துங்கண்ணே" என்றான் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே. "அம்மன் கனக்குறா."

ஊற்றினேன். ரத்தம் போகும் வரை ஊற்றினேன். குடம் காலியாகிவிட்டது. அப்புறம்தான் மாலை போட்டேன், தேங்காய் உடைத்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது, சரிபாதியாக. யார் கவனித்தார்கள்? எல்லார் கண்ணும் அவன் காலில்.

இன்னொன்றும் சொல்கிறேன். மேளம் நின்றது என்றேனே, அது அவன் வாசலில் இல்லையாம். முக்கில் டிராக்டரிலிருந்து அம்மனைப் பல்லக்குக்கு இறக்க நின்றதாம். அவன் வாசலுக்கு அம்மன் போகவே இல்லை. தங்கராசு கொடுத்த மண்டகப்படியை அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். ஏன் தெரியுமா? அங்கே நின்றிருந்தால் மாலை, தேங்காய், சுண்டல் செலவெல்லாம் அவன் அல்லவா செய்ய வேண்டும்? தப்பித்துக்கொண்டான். கண்டக்டர் புத்தி.

அப்புறம் நடந்ததுதான் பெரிய அநியாயம். அவனுக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். ஊரே போனது. ஆரஞ்சு என்ன, ஹார்லிக்ஸ் என்ன, பிரெட் என்ன. எஸ்.ஐ. போனார். மாமியார் எழுந்து நடக்க மாட்டாள், அவள் ஆட்டோவில் போனாள். அந்த ஆட்டோ வாய்க்கால் தெரு வழியாகத்தான் போனது. "அந்தக் கட்டுப்பாட்டப் பாத்தியா, அந்த வைராக்கியத்தப் பாத்தியா" என்று ஒரே பேச்சு. இந்த வருஷ மண்டகப்படியில் சுண்டல் எப்படி இருந்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை சார். கொண்டைக்கடலையைப் பஞ்சவர்ணம் முதல் நாளே ஊறப் போட்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றும் நான் கேட்கவில்லை. அக்காவும் தங்கச்சியும் மத்தியானம் படுத்துக்கொண்டு என்ன பேசினார்களோ.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வாசல் வரை போனேன். கூட்டமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன் போய் நின்று அவன் பெருமையைக் கூட்ட வேண்டுமா? திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். அன்றைக்குக் கூட்டம் இல்லை. ஆனால் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டானோ என்னவோ.

காலைத் தப்ப வைத்துவிட்டார்கள். இரண்டு விரலை எடுத்தார்களாம். வீட்டில் கிடப்பானா? கட்டுப் போட்ட காலோடு மறுபடி முக்குக்கு வந்துவிட்டான். காலையிலும் சாயங்காலமும் நிற்கிறான். பழைய ரப்பர் செருப்பு ஒன்று, கட்டுக்கு மேல் கயிற்றால் கட்டியிருக்கிறான். என் கடைக்கு ஆள் அனுப்புகிறவன், என் கடைக்கு வந்து ஒரு ஜோடி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். நான் கூப்பிட மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். நான் கூப்பிட மாட்டேன்தான்.

நேரமாகிறதா? எழுந்திருங்கள், எழுந்திருங்கள். வழி ஒன்றும் கஷ்டமில்லை. இந்தத் தகரத்தை ஒட்டியே போங்கள். வளைவில் இறங்கி உருட்டுங்கள். அந்தப் பலகையில் ஆணியை எல்லாம் நான் அடித்து மடக்கிவிட்டேன், இருந்தாலும் பார்த்துப் போங்கள். சந்து முடிந்தால் முக்கு. வலது பக்கம் வாய்க்கால் தெரு, அது உங்களுக்கு வேண்டாம். இடது பக்கம் திரும்பினால் ஸ்டேஷன் தெரியும். அவன் எப்படியும் விசில் அடிப்பான். ஒன்று அடித்தால் நில்லுங்கள், இரண்டு அடித்தால் போங்கள்.

ஒன்று அடிக்கும்போது இந்தப் பெட்டியை அவனிடம் கொடுத்துவிடுங்கள் சார். பார்சல் எடுக்கத்தானே போகிறீர்கள், பின்னால் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். செருப்புத்தான். சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்துச் செருப்பு. பாசம் கீசம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வாரில் என் கடைப் பேர் அடித்திருக்கிறது. வருகிற பஸ், போகிற பஸ் எல்லாம் அவன் காலைத்தானே பார்க்கிறது? இனிமேல் அந்த முக்கில் நிற்கப்போவது அவன் இல்லை, என் கடை. அவன் ரோட்டில் என் கடை. எப்படி?

யார் கொடுத்தது என்று கேட்டால் சொல்ல வேண்டாம். பெட்டியைத் திறந்தால் தெரியும். அளவு சரியாக இருக்குமா என்று கேட்டால் மட்டும், இருக்கும் என்று சொல்லுங்கள். அவன் கால் எனக்குத் தெரியும். குடம் காலியாகிற வரை பார்த்தேனே.

இன்னொன்று. இடது ஒரு அளவு, வலது அதைவிட ஒரு அளவு பெரிது. கட்டுப் போட்ட கால் நுழைய வேண்டுமே. இரண்டு ஜோடியைப் பிரித்துத்தான் இந்த ஒரு ஜோடி சேர்த்தேன். மிச்சம் இருக்கிற இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. அதோ மேலே தொங்குகிறது பாருங்கள். யாரும் வாங்க மாட்டார்கள். அதுவும் அவனால் வந்த நஷ்டம்தான்.

சைக்கிளை எடுங்கள் சார். பெல் அடித்துக்கொண்டே போங்கள். வளைவில் ஆள் வருவது தெரியாது.